சாடை பேசுவதை விடுங்கள்: டெல்டா மேனேஜர்களுக்கு ஒரு மடல்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கடையிலோ ரைஸ்மில்லிலோ ஃபைனான்ஸிலோ ஆட்களை வைத்து வேலை வாங்குகிற மேனேஜர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நானும் உங்கள் ஜாதிதான், அதாவது மேனேஜர் ஜாதி. ஜவுளிக்கடையில் சூப்பர்வைசராகப் பத்து வருஷம், அப்புறம் ரைஸ்மில்லில் மேனேஜராக இருபது வருஷம். முதலாளிக்கும் ஆட்களுக்கும் நடுவில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கியவன். அதனால் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். ஒருவர் வேலையில் குறை இருந்தால் அதை அவரிடமே சொல்லும் வழக்கம் நமக்கு ஏன் இல்லை?

சாடை பேசுகிறோம். இல்லாவிட்டால் யாரிடமாவது சொல்லி அனுப்புகிறோம். கோபம் தலைக்கேறினால் என்றைக்கோ செய்த உதவியைச் சொல்லிக்காட்டுகிறோம். ஆளை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்வது மட்டும் நடப்பதில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தாள். தீபாவளி நெருக்கத்தில் நாலைந்து நாள் அரை மணி நேரம் தாமதம். மேனேஜர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் காதில் விழுகிற மாதிரி பில் போடுகிற பையனிடம், "சில பேருக்கு ஒன்பது மணின்னா ஒன்பதரைன்னு அர்த்தம் போல இருக்குப்பா" என்றாராம். பையன் சிரித்தான். அவள் சேலையை மடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் இதே பாட்டு. மூன்றாம் நாள் வேலைக்குப் போகவில்லை.

நடந்தது இவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-ல் வந்ததிலிருந்து அவள் அதில்தான் போய்வருகிறாள். அந்த பஸ் நேரம் மாறிவிட்டது. முன்னால் வருகிற தனியார் பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்குப் போகலாம், ஆனால் தினமும் கைக்காசு போகும். "எந்த பஸ்ல வர்றேம்மா?" என்று ஒருவர் கேட்டிருந்தால், ராத்திரி அரை மணி நேரம் கூட இருந்து ஈடு கட்டு என்று முடித்திருக்கலாம். தீபாவளிக் கூட்டத்தில் சேலை எடுத்துப்போடத் தெரிந்த ஒரு ஆள் போனது கடைக்குத்தான் நஷ்டம்.

அந்த மேனேஜரைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கள் மில்லில் நெல் அவிக்கிற பாய்லரைப் பார்த்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒரு தை மாதம், சம்பா நெல் வந்து குவிந்து ராப்பகலாக மில் ஓடிக்கொண்டிருந்தபோது, ராத்திரி ஷிப்டில் அவர் அசந்துபோக ஆரம்பித்தார். இரண்டு தடவை அவியல் கூடிப்போய் அரிசி பழுப்படித்துவிட்டது. மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சம். மூட்டை தூக்குகிற அவருடைய அக்கா மகனிடம், "மாமாவைக் கொஞ்சம் கவனமா இருக்கச் சொல்லுப்பா" என்றேன். அது அவரிடம் போய்ச் சேர்ந்தபோது, "மேனேஜர் உங்களை வேண்டாங்கிறாரு" என்று ஆகியிருந்தது. மறுநாள் காலையில் டிபன் பாக்ஸையும் துண்டையும் எடுத்துக்கொண்டு என் ஜன்னலைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஏன் அசந்தார், உடம்புக்கு முடியவில்லையா, வீட்டில் ஏதாவதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தப் பழக்கம் நம் மண்ணில் ஊறியது என்று நினைக்கிறேன். மிராசுதார் ஆளிடம் பேசமாட்டார், காரியஸ்தர்தான் வரப்பில் நின்று சத்தம் போடுவார். சத்தத்தோடு நின்றதும் இல்லை. 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் இங்கே பண்ணையாட்களைத் திரட்டியது சவுக்கடியையும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கிற சாணிப்பாலையும் எதிர்த்துத்தான். 1952-ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், காரணமில்லாமல் ஆளை நீக்காதே என்றது. பண்ணை போய்விட்டது. காரியஸ்தர் குரல் மட்டும் கல்லாவுக்குப் பின்னாலும் சிசிடிவி திரைக்கு முன்னாலும் இருக்கிறது. சத்தம் போட முடியாத இடத்தில் அது சாடையாகக் கசிகிறது.

சரி, பின்னே எப்படித்தான் பேசுவது? பாய்லர்காரர் போனதற்கு அப்புறம் நான் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

நெல் எடுக்கிற இடத்தில் ஈரப்பதம் பார்த்து எழுதுகிற பையன் ஒருவன். அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். மழை அடித்தால் அதைத் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போவதும் தெரியும். எங்கள் மில்லிலும் அதே 17-தான். ஒருநாள் நோட்டும் நெல்லும் ஒத்துப்போகவில்லை. நானே மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை கூட்டம் வருவதற்கு முன்னால் அவனை அறைக்குக் கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லை.

"உட்காரு தம்பி."

"பரவால்ல சார்."

"உட்காரு. நேத்து வந்த மூணாவது லாரி. நோட்டுல 17-ன்னு இருக்கு. நான் பார்த்தப்போ 19 காட்டுது. என்ன ஆச்சு?"

அதோடு வாயை மூடிக்கொண்டேன். இதுதான் ரொம்பக் கஷ்டம். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று நாக்கு நுனி வரை வரும். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அந்த வியாபாரி முதலாளிக்கு வேண்டியவர் சார். போன மாசம் 18-ன்னு எழுதினதுக்கு முதலாளி என்னைத்தான் திட்டினாரு."

அதற்கப்புறம் நான் பேச வேண்டிய ஆள் மாறிவிட்டது. முதலாளியிடம் போய் நிற்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது, அது வேறு கதை. பையனைச் சாடை பேசியிருந்தால் லாரிக்கு லாரி ஈரநெல் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கும்.

தனியாக, சீக்கிரம், ஒரே ஒரு விஷயத்தை, நாள் கிழமையோடு. அவ்வளவுதான் சூத்திரம். "பொறுப்பில்லாதவன்" என்று சொன்னால் அவன் தன் மானத்துக்காக வாதாடுவான். மூணாவது லாரி என்று சொன்னால் லாரியைப் பற்றிப் பேசுவான். சம்பள நாளில் கூப்பிடாதீர்கள், பயந்தே செத்துவிடுவார்கள். காபி வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் பிள்ளைகள் படிப்பை விசாரித்துவிட்டுக் கடைசியில் குண்டைப் போடவும் வேண்டாம். அப்புறம் நீங்கள் என்றைக்குக் காபி கொடுத்தாலும் வயிற்றைக் கலக்கும். அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். பெண் ஊழியர் என்றால் கதவு திறந்திருக்கட்டும், அவருக்கு வேண்டிய ஒரு பெண்ணும் கூட இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேசி முடிவானதை நோட்டில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

உட்காரு என்று இரண்டு தடவை சொன்னேன் பாருங்கள், அதை லேசாக எடுக்காதீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே போட வேண்டியிருந்தது. நிற்கிறவனிடம் உட்கார்ந்துகொண்டு பேசினால், நீங்கள் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அது விசாரணைதான்.

சொல்லிக்காட்டுவதைப் பற்றி ஒன்று. நம் பக்கம் முன்பணம் வாங்காத ஆள் அபூர்வம். பெண் கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று வாங்கியிருப்பார்கள். மூட்டைக் கணக்கில் தப்பு வந்தால் மூட்டையைப் பற்றிப் பேசுங்கள். "உன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் கொடுத்தப்ப" என்று ஆரம்பித்தால், அந்த நிமிஷத்திலிருந்து அவர் வேலையாள் இல்லை, கடன்காரர். கடன்காரர் எங்கேயாவது உண்மையைச் சொல்வாரா?

கடைசியாக, ஆளை நிறுத்தியே ஆக வேண்டிய நிலைமை. "நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. அதன் 41-வது பிரிவைப் படியுங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமென்றால், செய்த தப்பை விசாரணை வைத்துச் சாட்சியத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும். கல்லாவில் பணம் குறைந்தது என்று பத்துப் பேர் முன்னால் கத்துவது விசாரணை ஆகாது. பாலியல் தொல்லைப் புகார் வந்தால் நீங்கள் தனியாகப் பேசித் தீர்க்கவே கூடாது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம்.

உங்கள் மேஜைக்கு எதிரே இன்னொரு நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய அறைகளில் அதன்மேல் பழைய பில் கட்டு இருக்கும். என் அறையிலும் இருந்தது.

இப்படிக்கு,
முப்பது வருஷம் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன்,
மன்னார்குடி