நாளைக்கு இறக்கம்

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

வெளி மாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் எடுக்காது என்பதை ஸ்ரீநகர் ஓட்டல் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாய். கிளம்பும் முன்னால் சொல்லியிருந்தால் ஒரு போஸ்ட்பெய்டு வாங்கித் தந்திருக்க மாட்டேனா? சரி, போகட்டும். இதை நோட்டில் எழுதித் தம்பியிடம் கொடுக்கிறேன். அவன் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு வைப்பான். நீ இதைப் படிக்கும்போது மலையை விட்டு இறங்கி முடித்திருப்பாய். அப்புறம் எதற்கு இறங்குவதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று கேட்பாய். எழுதாமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய அட்டவணையைத் தம்பி பிரிண்ட் எடுத்து காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறான். சோனாமார்க்கில் ஏறி நாரநாக்கில் இறங்குவது. விஷன்சர், கட்சர், சத்சர் என்று ஏரிப் பெயரெல்லாம் உன் அம்மாவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கட்சர் கணவாய் 13,000 அடிக்கும் மேலே என்று போட்டிருக்கிறது. கொடைக்கானலே 7,000 அடிதான். டீக்கடையில் நம் டிப்போ ஆட்களிடம் சொன்னேன். ஒருத்தன், "அங்கே வரைக்கும் பஸ் போகுமா?" என்று கேட்டான். என் மகள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தே போகிறாள் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அட்டவணைப்படி இன்றைக்கு கங்கபல் ஏரிக்கரையில் ஓய்வு. எதிரே ஹர்முக் மலை தெரியுமாம். நாளைக்குக் காலையில் இறக்கம். ஒரே நாளில் கிட்டத்தட்ட 4,000 அடி, அதுவும் பைன் காட்டுக்குள்ளே செங்குத்தாக. மழை பெய்திருந்தால் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஒரு நாளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மற்ற நாளெல்லாம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று அர்த்தம் இல்லை.

போடிமெட்டு ரோட்டில் அப்பா எத்தனை வருஷம் ஓட்டினேன் என்று உனக்குத் தெரியும். 17 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது வண்டி முக்கும், முனகும், ஆனால் ஏறிவிடும். இறங்கும்போதுதான் டிரைவர் யார் என்று தெரியும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகும், அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. உன் முழங்காலும் அப்படித்தான். சின்னச் சின்ன அடியாக வை. கம்பை முன்னால் ஊன்று. புதுசாக வந்த டிரைவர்கள் தப்புப் பண்ணுவது மேல் வளைவுகளில் இல்லை, முந்தல் செக்போஸ்ட் நெருங்கும்போது. கீழே போடி லைட் தெரிந்துவிடும், வீடு வந்துவிட்டது என்று கால் தானாக லேசாகிவிடும். நாரநாக் வீடுகள் கண்ணில் பட்டதும் நீ ஓடக் கூடாது. கூட வருகிறவர்கள் ஓடினாலும் நீ ஓடாதே.

கால் நகத்தை வெட்டிக்கொள். இறக்கத்தில் விரலெல்லாம் ஷூவின் முன்னால் போய் இடித்து நகம் கறுத்துவிடும். லேஸை மேலே இறுக்கிக் கட்டு. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடி. ஆதார் ஒரிஜினலை எங்கே வைத்திருக்கிறாய்? வழியில் ராணுவ முகாமில் எல்லாம் காட்டச் சொல்வார்கள் என்றாயே, வெளியே எடுத்ததைத் திருப்பி உள்ளே வைத்தாயா?

வேறு செய்தி என்ன... பெரியம்மாவுக்கு சுகர் குறைந்திருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. அதெல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. நான் இன்றைக்குச் சொல்கிறேன். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணியில் அந்தப் பிள்ளைகளும் ஏறி முடித்தவர்கள்தான். சனிக்கிழமை கொழுக்குமலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடி வந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எனக்கு அன்றைக்குத் தேனி டூட்டி. ஆண்டிபட்டிக் கணவாயில் பின்னால் சைரன் கேட்டு வண்டியை ஓரம் கட்டினேன். ஒன்று போனது, கிளம்பலாம் என்று பார்த்தால் இன்னொன்று. எல்லாம் பெரியாஸ்பத்திரிக்கு. முன் சீட்டில் இருந்த பாட்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "யார் பெத்த பிள்ளைகளோ" என்றது. நான் கியரைப் போட்டேன், கை நடுங்கியதால் முதல் தடவை விழவில்லை. ராத்திரி உன் ஹாஸ்டலுக்கு எத்தனை தடவை போன் அடித்தேன் என்று உனக்கே தெரியும். மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்ப்பா என்று சிரித்தாய்.

ஆகஸ்டு மாதத்துக் காஷ்மீரில் அந்த மாதிரி புல் தீ எல்லாம் வராது என்று தம்பி விளக்கிச் சொன்னான். எனக்கும் தெரியும். தீ இல்லையென்றால் மழை, மழை இல்லையென்றால் சேறு. உன்னை மலைக்குப் போகாதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. அடுத்த தடவை அட்டவணையைக் கிளம்புவதற்கு முதல் நாள் அனுப்பாமல் ஒரு மாதம் முன்னாலேயே அனுப்பு என்றுதான் சொல்கிறேன். ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பயந்தாய்?

ஸ்ரீநகரில் எடுத்த குரூப் போட்டோவை அம்மா பெரிசு பண்ணிப் பார்த்தாள். உன் பையையும் சேர்த்து ரெண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நிற்கிற உயரமான பையன் யார் என்று கேட்டாள். டீம் லீடராக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த போட்டோவில் டீம் லீடர் என்று பனியனில் எழுதி வேறு ஒருத்தர் நிற்கிறார். அதை அம்மா இன்னும் பார்க்கவில்லை. பாரம் தாங்காவிட்டால் இறக்கத்தில் பையை யாரிடமாவது கொடு, தப்பில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருப்பது நல்லதுதான்.

நாரநாக்கில் லலிதாதித்த ராஜா காலத்துக் கற்கோயில் ஒன்று இடிந்து நிற்கிறதாம், 8-ம் நூற்றாண்டு. சிவன் கோயில் என்கிறார்கள். அம்மா சார்பில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா. அவள் பாண்டி கோயிலுக்குக் கிடா நேர்ந்திருக்கிறாள், நீ முழுசாக இறங்கி வந்தால் வெட்டுவதாக. நீ பெங்களூருக்கு நேராகப் போய்விடாமல் முதலில் மதுரைக்கு வந்துதான் ஆக வேண்டும். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, டிப்போ ஆட்கள் என்று நான் தலை எண்ணி வைத்துவிட்டேன். உன் பக்கம் ஒரு ஆளா, ரெண்டு ஆளா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. அதை வைத்துத்தான் கிடா பார்க்கணும்.

இப்படிக்கு,
அப்பா