பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுதாவளையிலிருந்து எழுதுகிறேன். தபாலகங்களில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஊரில் யாருக்காவது படிவம் நிரப்பவேண்டும், நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதத்தை வாசித்து விளங்கப்படுத்தவேண்டும் என்றால் இன்றைக்கும் என் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். அப்படிப்பட்ட நான் என் சொந்த மச்சானுக்குச் சொன்ன ஒரு பிழையான புத்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

2022 கார்த்திகை மாதம். மச்சான் விடியப்புறம் வெற்றிலைக் கட்டைச் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு சின்ன லொறி தட்டிவிட்டது. வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உள்ளே கம்பி வைத்தார்கள். ஏழு கிழமை படுக்கை. இப்போது நடக்கிறார், ஆனால் வெற்றிலை கிள்ள ஏணியில் ஏற முடியாது. தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்.

அவரை அம்புலன்ஸில் ஏற்றி அரை மணித்தியாலம் ஆகியிருக்காது, காப்புறுதிக் கம்பனியின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, லொறியின் உடைந்த விளக்கைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். மச்சானின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. அவரில் பிழை சொல்லமாட்டேன். அவர் விளக்குக்காக வந்தவர். ஆனால் அதே கம்பனி மச்சானின் காலுக்கும் பொறுப்பு என்பது அங்கே நின்ற இருபது பேரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

லொறிக்கார முதலாளி மோல்ட் பெட்டியும் அப்பிளும் வாங்கிக்கொண்டு இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார். அறுபதாயிரம் ரூபாய் தந்தார். "அண்ணன், கேஸ் கீஸ் போட்டீங்க எண்டா நான் லொறிய வித்துப்போட்டுத் தெருவிலதான் நிக்கணும்" என்று அழாக்குறையாகச் சொன்னார். மச்சானுக்கு மனம் இளகிவிட்டது. நட்டஈட்டுக்குத் தீர்ப்பு வந்தால் கட்டப்போவது அவர் இல்லை, அவருடைய காப்புறுதிக் கம்பனிதான் என்பதை அந்த முதலாளியும் அறிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். வருடா வருடம் காசு கட்டுகிற மனிதர்!

அப்புறம்தான் என் புத்திமதி. "பொலிஸ் வழக்கு முடியட்டும் மச்சான். அவன் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் மற்றதெல்லாம் தன்னால் வரும்" என்றேன். வழக்கு இழுபட்டது. சாரதி ஒரு தவணைக்கு வரமாட்டார், மறு தவணைக்குச் சாட்சி வராது. 2025 தை மாதம்தான் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டப்பணம் விதித்தார்கள். அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போனது. சரி, இனி நட்டஈடு கேட்போம் என்று கடதாசிகளைக் கட்டிக்கொண்டு மட்டக்களப்பில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் முதல் பக்கத்தில் இருந்த விபத்துத் திகதியைப் பார்த்தார், சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார், கட்டை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவைத்தார். இரண்டு மாதம் பிந்திவிட்டது.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸ் போடுவது குற்ற வழக்கு. நட்டஈட்டுக்கு நாமே மாவட்ட நீதிமன்றத்தில் வேறு வழக்குப் போடவேண்டும். அதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம்தான் தவணை. முதல் வழக்கு முடியும்வரை அந்த இரண்டு வருடம் நமக்காக நிற்காது. சாரதியின் கவனயீனத்தையும் நாம்தான் நிரூபிக்கவேண்டும். வழக்குப் போடுவதற்கு முன்னரோ, போட்டு ஏழு நாளுக்குள்ளோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். அதை விட்டால் தீர்ப்பு வந்தாலும் கம்பனி கைகழுவிவிடலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியை, அதாவது வாகனம் மோதிப் பாதிக்கப்படுகிற வெளியாருக்கான காப்புறுதியை, கட்டாயமாக்கியதே மரணத்துக்கும் உடற்காயத்துக்கும்தான். மச்சானின் வளைந்த சைக்கிள் அதில் அடங்காது, கால் அடங்கும். அந்தக் காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. எங்கள் ஆட்கள் "லைசன்ஸ் எடுக்கிறதுக்கு ஒரு துண்டு" என்று அதைக் கட்டுகிறார்கள். மறித்துப் பார்க்கிற பொலிஸுக்குக் காட்டுவதற்கு என்று கண்ணாடியில் ஒட்டுகிறார்கள். தெருவில் நடந்துபோகிற மனிதனுக்காக என்று யாரும் அதைப் பார்த்ததில்லை.

அடித்துவிட்டு ஓடிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையில் நட்டஈடு கொடுக்க ஒரு நிதியம் இருக்கிறது. எல்லாரும் கட்டுகிற காப்புறுதிக் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதற்கும் பொலிஸ் முறைப்பாடு வேண்டும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. காயப்பட்டவரிடமோ குடும்பத்தாரிடமோ பொலிஸார் வாக்குமூலம் எடுக்கிறபோதே, மோதிய வாகனத்தின் காப்புறுதிக் கம்பனி எது, சான்றிதழ் இலக்கம் என்ன என்று ஒரு துண்டில் எழுதி அவர்கள் கையில் கொடுக்கட்டும். அந்தத் துண்டின் அடியில் "நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம்" என்று தமிழில் ஒரு வரி. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உள்ள பொலிஸ் நிலையங்களில் மட்டுமாவது இதைத் தொடங்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம் என்று இன்னொரு வரியும் சேர்த்தால் புண்ணியம்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய கடிதத்தை யார் நீட்டினாலும், சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். மச்சான் வைத்தார். அறுபதாயிரத்துக்கு.

போன கிழமை செட்டிபாளையத்தில் விபத்தில் காயப்பட்ட ஒரு பையனின் தாய் என்னிடம் வந்தார். இந்த முறை நான் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விபத்துத் திகதியைத்தான் முதலில் கேட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
களுதாவளை.