பிளாஸ்மா கொடுங்கையூரில் தொடங்கட்டும், அனல்மின் புகைபோக்கியில் வேண்டாம்

தமிழ்நாடு அரசின் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். கரியமில வாயுவை, மின்சாரம் பாய்ந்து மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவால் உடைத்துப் பயனுள்ள வாயுக்களாக மாற்றும் முறை வடசென்னைக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதை எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எந்த இடத்தில் கூடாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

கரியமில வாயு எளிதில் உடையாத மூலக்கூறு. வெறும் சூட்டால் பிரிப்பதென்றால் 2000 டிகிரி செல்சியஸையும் தாண்ட வேண்டியிருக்கும். குளிர் பிளாஸ்மாவில், வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து எலக்ட்ரான்களை மட்டும் பல்லாயிரம் டிகிரிக்கு ஏற்றுகிறது. வாயு அந்த அளவு சூடாவதில்லை. டியூப்லைட்டுக்குள் நடப்பதும் இதுதான். அந்த எலக்ட்ரான்கள் மோத மோத, கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மெத்தனால், திரவ எரிபொருள் எல்லாம் தயாரிக்கலாம். பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகம், நெதர்லாந்தில் டிஃபர் ஆய்வு நிறுவனம் போன்றவை இதில் தீவிரமாக இறங்கியிருக்கின்றன. கருவியைச் சட்டென்று இயக்கி, சட்டென்று நிறுத்த முடியும். வெயில் இருக்கும்போது மட்டும் கிடைக்கும் சூரிய மின்சாரத்தில் ஓட்ட இது ரொம்பத் தோது.

சரி, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரிப் புகைபோக்கிகள் நிற்கின்றனவே, அங்கேயே மாட்டிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கரியமில வாயுவை உடைக்க, எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் சுமார் 1.8 யூனிட் மின்சாரம் வேண்டும். கொடுத்த மின்சாரத்தில் நாற்பது சதவீதம் பயன்பட்டாலே நல்ல கருவி. அப்படியானால் நாலரை யூனிட். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு கிலோவை உடைக்க நாலு கிலோவுக்கு மேல் புகைவிடுவதை எங்கள் தலையில் கட்டாதீர்கள். அது மட்டுமல்ல, அந்தப் புகையில் பெரும்பங்கு நைட்ரஜன். அதைப் பிரிக்காமல் பிளாஸ்மாவுக்குள் விட்டால் நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகும். அவை எங்கள் மூச்சுக்கு ஏற்கெனவே இருக்கும் தொல்லை.

அதனால் நான் கேட்பது கொடுங்கையூர். அங்குள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு மக்கும்போது உயிரி எரிவாயு (பயோகேஸ்) கிடைக்கிறது. பொதுவாக இப்படிக் கிடைக்கும் வாயுவில் சுமார் அறுபது சதவீதம் மீத்தேன். மீதியில் பெரும்பாலும் கரியமில வாயு. இந்த இரண்டையும் ஒன்றாகவே பிளாஸ்மாவுக்குள் அனுப்பினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்த கலவை வரும். கரியமில வாயுவை மட்டும் உடைத்தால் வெளியே வரும் ஆக்சிஜனைப் பிரிப்பது பெரிய தலைவலி. இங்கே மீத்தேன் இருப்பதால் அது பெருமளவு குறைகிறது. கருவிக்குள் கரி படியும்; அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை முன்பே நீக்க வேண்டும். இவை தீர்க்கக் கூடிய வேலைகள்தான். அந்த உயிரி எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. சோதனைக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். மின்சாரம் நிலைய வளாகத்திலேயே அமைக்கும் சூரியத் தகடுகளிலிருந்து வரட்டும். கருவியை வடிவமைக்கும் பொறுப்பை ஐஐடி மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுங்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் இடம் ஒதுக்குங்கள்.

அப்புறம், பாதுகாப்பு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; உயிரைக் குடிக்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்களை நெடி எழுப்பியது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. எனவே உருவாகும் வாயுவைச் சேமித்து வைக்காமல் உடனுக்குடன் பயன்படுத்தும் வகையில் சோதனை அமைய வேண்டும். வேலிக்கு வெளியே, குடியிருப்புப் பக்கமும் அளவிகள் வேண்டும். அவை காட்டும் எண்களைத் தெருவில் நின்று நாங்களே படிக்கும்படி பலகையில் போட வேண்டும்.

இடத்தை முடிவு செய்யும் முன் கொடுங்கையூர் மக்களோடு உட்கார்ந்து பேசுங்கள். குப்பைமேட்டுப் புகையோடு பல பத்தாண்டுகளாக வாழ்பவர்கள் அவர்கள். கூட்டத்தை மாலை வேலை முடிந்து வருகிற நேரத்தில் வையுங்கள், தமிழில் விளக்குங்கள். விளக்கிச் சொல்ல ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து,
ஓர் இயற்பியல் ஆசிரியர்