ஞாயிறு கேட்பு: ஹாட் ஃபைவ், ஹாட் செவன்

உறுப்பினர்களுக்கு வணக்கம். இந்த வாரம் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் சிகாகோ பதிவுகள், 1925 முதல் 1928 வரை. ஹாட் ஃபைவ், ஹாட் செவன் என்பவை அவரது குழுக்களின் பெயர்கள். கேட்கும் வரிசை கீழே.

முதலில் 1925 நவம்பர் பதிவு ஏதாவது ஒன்று. கார்னெட் (டிரம்பெட் போன்ற சிறு ஊதுகருவி), டிராம்போன், கிளாரினெட், பியானோ, பாஞ்சோ. டிரம் கிடையாது. மைக் இல்லாமல், ஒலியைத் திரட்டும் கொம்புக் குழல் வழியே பதிந்தது. அதனால் பியானோ அமுங்கித்தான் இருக்கும், உங்கள் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்து 'பொட்டேட்டோ ஹெட் புளூஸ்', 1927 மே. டியூபாவும் டிரம்மும் சேர்ந்து ஏழு பேர், இதுதான் ஹாட் செவன். பாஞ்சோ தனியாக ஒலித்ததும் உஷார்: இரண்டு பாருக்கு (ஒரு பார் என்பது ஒரு தாளச் சுற்று) ஒருமுறை குழு ஒரே ஒரு அடி போட்டு நிறுத்தும், இடைவெளி முழுக்க ஆம்ஸ்ட்ராங் மட்டும். விரல் விட்டு எண்ணுங்கள், பிடி கிடைக்கும்.

கடைசியாக 'வெஸ்ட் எண்ட் புளூஸ்', 1928 ஜூன் 28. பியானோவில் ஏர்ல் ஹைன்ஸ். தொடக்கத்தில் துணையில்லாத டிரம்பெட்; முடிவில் ஏறக்குறைய நான்கு பார் நீளும் ஒரே உச்ச சுரம். எங்கள் கணக்கில் மூன்றிலும் இதுவே உச்சம்.

இணையப் பிரதிகளில் சுருதியைச் சரிபாருங்கள். 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' ஈ ஃபிளாட் சுருதியில் உள்ளது. நிமிடத்துக்கு 78 முறை சுழல வேண்டிய தட்டை 74-இல் ஓட்டி நகலெடுத்தால் கிட்டத்தட்ட அரைச்சுரம் இறங்கிவிடும். இரைச்சலை அதிகம் வடிகட்டிய பிரதியும் வேண்டாம். பாஞ்சோவின் மீட்டொலி மழுங்கிவிடும்.

அசல் தட்டு வைத்திருப்பவர்கள் எல்பி ஊசியைப் போடாதீர்கள். அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 3 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு) ஊசி, மோனோ இணைப்பு.