போர்ன்வில் ஆலைக் குடியிருப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் போர்ன்வில் கிராமத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்த ஊரில் அறக்கட்டளை வீடு ஒன்றில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருப்பவள் நான். ‘சாக்லேட் முதலாளி தன் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த ஊர்’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

யார்க்‌ஷயரில் கம்பளி ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் கட்டிய சால்ட்டேர் என்ற ஊரும், சோப்பு முதலாளி லீவர் 1888இல் தொடங்கிய போர்ட் சன்லைட்டும் ஆலைத் தொழிலாளர்களுக்காகவே எழுந்தவை. அங்கே வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தன. சாக்லேட் முதலாளிகளான கேட்பரி சகோதரர்கள் பர்மிங்காம் நகரின் நெரிசலிலிருந்து ஆலையை இங்கே கொண்டுவந்தது 1879இல். ஊர் பிறந்தது அதற்கும் பிறகு. தம்பி ஜார்ஜ் 1893இல் சொந்தப் பணத்தில் 120 ஏக்கர் வாங்கி, 1895இல் வீடு கட்டத் தொடங்கினார். அந்த வீடுகளுக்கு யார் வேண்டுமானாலும் குடிவரலாம் என்றார். தொடக்க காலத்திலேயே குடும்பத் தலைவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேறு இடங்களில் வேலை பார்த்தவர்கள்.

கட்டுரை தொடாமலே விட்ட செய்தி ஒன்று உண்டு. முதலில் கட்டிய 143 வீடுகளை அவர் 999 ஆண்டுக் குத்தகையில், அடக்க விலைக்கே கொடுத்தார். வாங்கியவர்களில் சிலர் உடனே லாபம் வைத்து விற்றுவிட்டார்கள். ஏழைக் குடும்பங்களுக்கு வீடு எட்டாமல் போய்விடும் என்பதை ஜார்ஜ் கண்கூடாகப் பார்த்தார். 1900 டிசம்பரில் 330 ஏக்கர் நிலத்தையும் 313 வீடுகளையும் போர்ன்வில் கிராம அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்தார். வரும் வருமானம் மேலும் வீடு கட்டவே போக வேண்டும்; தனக்கோ தன் வாரிசுகளுக்கோ வரக்கூடாது. அறங்காவலர்களாக அவருடைய குடும்பத்தாரே அமர்ந்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் சொத்து அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது.

அந்தப் பத்திரத்தின் அருமை 2010இல் எல்லோருக்கும் புரிந்தது. கேட்பரி நிறுவனத்தை அமெரிக்காவின் கிராஃப்ட் வாங்கியபோது ஆலைக்குள் எத்தனையோ பேர் கலங்கினார்கள். ஊரின் ஒரு வீட்டைக்கூட அந்த விற்பனை தொடவில்லை.

நான் போர்ன்வில்லைக் கோயிலாக்கவில்லை. ஜார்ஜ், மதுவை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்; அதனால் ஊருக்குள் மதுக்கூடம் கூடாது என்பது அன்றே விதி. ஆலையில் வேலை பார்த்த பெண்கள் திருமணமானதும் வேலையை விட வேண்டியிருந்தது. அழகழகான வீடுகளைப் பாராட்டுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும் என்று ஒரு பெண்ணாகக் கேட்கிறேன்.

ஆனால் இங்கே வாழ்ந்தால் தெரியும், திட்டம் போட்டவர்கள் மனிதர்களை நினைத்துப் போட்டிருக்கிறார்கள். மனையில் கால் பங்குக்கு மேல் வீடு அடைக்கக்கூடாது என்பது கணக்கு. இளம் கட்டடக் கலைஞர் வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி வீட்டுக்கு வீடு முகப்பை மாற்றினார். தோட்டத்தின் கோடியில் பழமரங்களை நட்டே வீட்டை ஒப்படைத்தார்கள். என் தோட்டத்திலும் ஓர் ஆப்பிள் மரம் நிற்கிறது. காய்க்கும் பருவத்தில் வேலிக்கு மேலாகவே கூடைகள் கைமாறும். அக்கம்பக்கத்தில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பதெல்லாம் அந்த வேலியோரத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. பள்ளிக் கோபுரத்தில் 1906இல் ஏற்றிய மணித்தொகுதி இன்றும் ஒலிக்கிறது. இப்போது அதில் 48 மணிகள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை பசும்புல் திடலில் ஊரே கூடிப் பாடும். கூட்டத்தில் யார் சொந்த வீட்டுக்காரர், யார் வாடகைக்காரர் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் சாக்லேட்டைக் குறைத்து, 1900ஆம் ஆண்டின் அந்த அறக்கட்டளைப் பத்திரத்தைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
போர்ன்வில், பர்மிங்காம்