அனஹைம் மாநாட்டுக்குப் புறப்படும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

2026 ஆகஸ்டு 27 முதல் 31 வரை அனஹைமில் நடக்கவிருக்கும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, அதாவது வேர்ல்ட்கானுக்கு, பணம் கட்டிவிட்டதாக நீ எழுதியதிலிருந்து வீட்டில் அதே பேச்சாக இருக்கிறது. அங்கே ஒருவரையும் தெரியாதே, ஐந்து நாள் தனியாக என்ன செய்வது என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும், ஆகவே எழுதுகிறேன்.

வேலை நிமித்தமாக நான் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருந்த 2006-இல் இதே ஊரில் நடந்த மாநாட்டுக்குப் போனவன் என்பது உனக்குத் தெரியும். எல்.ஏ.கான் என்ற பெயரில் நடப்பவற்றில் நீ போவது ஐந்தாவது. 1984, 1996, 2006 ஆகிய மூன்றும் அனஹைமில்தான் நடந்தன. டிஸ்னிலாந்தை ஒட்டிய அந்த மாநாட்டு மையமும் அருகிலுள்ள ஹில்டன் விடுதியும் உனக்கு இரண்டாம் நாளே பழகிவிடும். முதல் நாள் மட்டும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்.

உன் நண்பர்கள் சான் டியேகோ காமிக்-கானைப் பற்றிச் சொல்லி உன்னைக் கலவரப்படுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அது வேறு வகை. ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடுகிற இடம் அது. சுமார் 6,500 பேர் அமரக்கூடிய 'ஹால் ஹெச்' அரங்கில் இடம் பிடிக்க முந்தின இரவே வந்து வெளியில் படுத்துக் கிடக்கிறார்கள். திரைப்பட நிறுவனங்கள் காட்டுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வருவதற்கு அது சிறந்த இடம். அதில் குறையொன்றும் இல்லை. வேர்ல்ட்கானுக்கு வருவோர் சில ஆயிரம் பேர்தான். 1984-இல் எட்டாயிரத்தைத் தாண்டியபோது அதையே பெருங்கூட்டம் என்று வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே எழுத்தாளரின் கையொப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. நீ நாவல் படித்து வியந்த ஒருவர் உனக்கு முன்னால் காப்பி வாங்கக் காத்து நிற்பார்.

இந்த மாநாட்டை நடத்துவதற்கென்று நிலையான நிறுவனம் எதுவும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஓர் ஊரின் ரசிகர்கள் முன்வந்து, 'எங்கள் ஊரில் நடத்துகிறோம்' என்று கேட்க, உறுப்பினர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வாக்களித்து ஊரைத் தீர்மானிக்கிறார்கள். தலைவர் முதல் கதவருகே நிற்பவர் வரை யாருக்கும் சம்பளம் இல்லை. நம் ஊர்த் திருவிழாவில் பந்தல்கால் நடுகிறவரும் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறவரும் வரி கொடுத்தவர்களாகவே இருப்பதைப் போல, அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் உன்னைப் போலப் பணம் கட்டி வந்தவர்கள். கணக்கு முடிந்து மிச்சம் இருந்தால், உழைத்தவர்களுக்கு அவர்கள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவது வழக்கம். அதை எதிர்பார்த்து யாரும் வருவதில்லை.

ஆகையால் உன் தயக்கத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: போன முதல் நாளே தன்னார்வலர் மேசையைத் தேடிப் போய், 'எனக்கு இரண்டு மணி நேர வேலை ஏதாவது கொடுங்கள்' என்று கேள். முன் அனுபவம் உண்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பேட்ஜ் எடுத்துக் கொடுப்பது, அரங்க வாசலில் நின்று ஆள் எண்ணுவது, மேடைக்குத் தண்ணீர் வைப்பது என்று ஏதாவது கிடைக்கும். தனியாக நின்று கூட்டத்தைப் பார்க்கிறவளுக்கு ஒரு மணி நேரம் மலைபோல நகரும்; கையில் வேலை இருப்பவளிடம் எல்லோரும் வந்து பேசுவார்கள்.

எனக்கு ஓவியக் காட்சியின் வாசலில் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு எண் அட்டை கொடுக்கும் வேலை கிடைத்தது. என்னுடன் நின்ற முதிய அம்மையார் பல ஆண்டுகளாக அதே வாசலில் நிற்பவர். ஏலம் எப்படி நடக்கிறது என்பதை அவர்தான் விளக்கினார். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு தாள் தொங்கும். வேண்டியவர்கள் தம் பெயரையும் தொகையையும் அதில் எழுதுவார்கள். அடுத்தவர் கூட்டி எழுதுவார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எழுத்து ஏறிவிட்டால் படம் பொது ஏலத்துக்குப் போகும். ஒரு சிறிய டிராகன் படத்தின் தாளில் இரண்டு பேர் ஐந்து ஐந்து டாலராக மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனார்கள். மூடும் நேரம் நெருங்கியபோது அவர்களில் ஒருவர் பக்கத்துப் படத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு, கையில் பென்சிலைத் தயாராக வைத்திருந்தார். அன்று இரவு உணவுக்கு அந்த அம்மையார் தம் நண்பர்கள் இருந்த மேசைக்கு என்னையும் அழைத்துப் போனார். அதன்பிறகு நான் தனியாகச் சாப்பிடவில்லை.

அம்மாவின் பழைய கண்டாங்கிச் சேலையை வெட்டி விண்கலத் தலைவியின் நீள்சட்டையாகத் தைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்ததும், அம்மா முதலில் அலமாரியைத் திறந்து எந்தச் சேலை என்று சரிபார்த்தாள். பிறகு மிகவும் மகிழ்ந்தாள். அதை அணிந்து நடமாடுவதோடு நிறுத்திவிடாதே. மாஸ்கரேட் என்ற மாறுவேடப் போட்டிக்கும் பெயர் கொடு. புதியவர், இடைநிலையினர், தேர்ந்தவர் என்று பிரித்து நடத்துவது அங்கே வழக்கம் என்பதால், இருபது ஆண்டு தைத்தவருடன் நீ மோத வேண்டியிருக்காது. மேடை அழகுக்குத் தனியாகவும் கைவேலைக்குத் தனியாகவும் பரிசு உண்டு. கைவேலைக்குப் பெயர் கொடுத்தால், மேடை ஏறும் முன் நடுவர்கள் அருகில் வந்து மடிப்பைப் புரட்டி உள்தையலைப் பார்ப்பார்கள். பார்டரை எப்படி இணைத்தாய், விளிம்பு பிரியாமல் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஆகவே வெளியில் தெரியாத இடம்தானே என்று எதையும் ஊசிநூலில் இழுத்துக் கட்டிவிடாதே. உள்பக்கத்தையும் ஓரம் அடித்து முடி. மேடைக்குப் பின்னால் ஊசி, நூல், பசை வைத்துக்கொண்டு கிழிந்ததைத் தைத்துக் கொடுக்க ஒரு மேசை இருக்கும். ஆனாலும் நாலு ஊக்கு உன் பையில் இருக்கட்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

இந்த வேடம் கட்டும் வழக்கத்தைத் தொடங்கியவளும் தைக்கத் தெரிந்த ஒரு பெண்தான் என்பது உனக்குப் பிடிக்கும். 1939 ஜூலையில் நியூயார்க்கில் முதல் மாநாடு கூடியபோது வந்தவர்கள் ஏறத்தாழ இருநூறு பேர். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து போன மர்ட்டில் டக்ளஸ், ரசிகர் வட்டத்தில் மொரோஜோ என்று அறியப்பட்டவர், எதிர்கால உடை என்று தாம் கற்பனை செய்த இரண்டைத் தாமே தைத்து, ஒன்றைத் தாம் அணிந்து, மற்றொன்றைத் தம் நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கு அணிவித்தார். அத்தனை பேரில் வேடத்துடன் வந்தவர்கள் அவர்கள் இருவர்தான். அடுத்த ஆண்டு சிகாகோவில் மாறுவேட நிகழ்ச்சியே நடந்தது. பெரும்பாலும் ஆக்கர்மனின் பெயரை முன்னால் சொல்கிறார்கள். தைத்தவரின் பெயரை நீ முன்னால் சொல்.

அதே முதல் மாநாட்டில், குழப்பம் விளைவிப்பார்கள் என்று அஞ்சிய அமைப்பாளர்கள் ஆறு ரசிகர்களை வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்பதும் வரலாறு. அவர்களில் சிலர் பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர்களாகவும் பதிப்பாசிரியர்களாகவும் ஆனார்கள். இந்தக் கூட்டத்தில் பூசல் எப்போதும் இருந்திருக்கிறது. எங்கேயாவது காரசாரமாகப் பேச்சு நடந்தால் அதைக் கண்டு ஒதுங்கிவிடாதே. அக்கறை உள்ள இடத்தில்தான் அவ்வளவு சண்டை வரும்.

கலந்துரையாடல்கள் ஒரே நேரத்தில் பல அரங்குகளில் நடக்கும்; எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதே. நாளொன்றுக்கு இரண்டு மூன்று போதும். கேள்வி நேரத்தில் எழுந்தால் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடு. சொந்தக் கருத்தைக் கேள்வி என்ற பெயரில் நீட்டுகிறவரைக் கண்டால் அரங்கமே நெளியும். இதைவிட அருமையானது, ஓர் எழுத்தாளரைச் சுற்றிப் பத்துப் பேர் அளவில் உட்கார்ந்து பேசும் மேசை உரையாடல். அதற்கு முன்பதிவு உண்டு. திறந்த உடனே இடம் போய்விடும் என்பதால் அதில் மட்டும் சோம்பல் கூடாது. கூட்டம் மொய்க்கிற பெரிய பெயரைத் தவிர்த்து, ஒன்றிரண்டு கதைகளே வெளியான புதியவரைத் தேர்ந்தெடு. அவர்கள்தான் மனம்விட்டுப் பேசுவார்கள்.

உடம்பைப் பற்றி ஒரு தகப்பன் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நாளைக்குக் குறைந்தது ஐந்து மணி நேரத் தூக்கம், இரண்டு வேளைச் சாப்பாடு, ஒரு குளியல் என்பது அந்த ரசிகர்களே வகுத்துக்கொண்ட நியதி. ஐந்து மணி நேரம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை, நீ ஏழு மணி நேரம் தூங்கு. வெளியே ஆகஸ்டு வெயில், உள்ளே குளிரூட்டி. மேலே போட்டுக்கொள்ள ஒன்று வேண்டும். மாநாடு முடிந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் சளிக்காய்ச்சலோடுதான் திரும்புகிறார்கள். ஆகவே நெரிசலில் முகக்கவசம் அணிந்துகொள்.

உன் உடையைப் பார்த்து யாராவது படம் எடுக்க வந்தால், உன்னைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தொடுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. வேண்டாம் என்று சொல்ல நீ காரணம் காட்டத் தேவையில்லை. மீறுகிறவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், நடத்தை விதிகளைக் கவனிக்கும் குழுவினரிடம் உடனே போய்ச் சொல். நீயும் பிறரிடம் கேட்டே படம் எடு.

அறிவியல் புனைகதைக்காக இந்த மாநாட்டில் வழங்கும் ஹ்யூகோ விருது 1953-இல் தொடங்கியது முதல் இன்றுவரை அதைத் தீர்மானிப்பது உறுப்பினர்களின் வாக்குத்தான். இந்த ஆண்டு அதில் உன் வாக்கும் ஒன்று. மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பே கெடு முடிந்துவிடும். பிடித்த ஒன்றுக்கு மட்டும் குறியிட்டுவிட்டு வருவதல்ல. முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்த வேண்டும். எதுவுமே தகுதியில்லை என்று கருதினால் 'விருது இல்லை' என்பதற்கும் இடம் உண்டு. 2024-இல் கிளாஸ்கோ மாநாட்டுக்கு முன்பு, 377 வாக்குகள் நேர்மையாகப் பதிவானவை அல்ல என்று கண்டு நீக்கியதை நிர்வாகிகளே முன்வந்து அறிவித்தார்கள். அவ்வளவு பொறுப்பாக எண்ணுகிற வாக்கைப் படிக்காமல் போடாதே. நாவல்கள் அனைத்தையும் முடிக்க நேரமில்லை என்றால் சிறுகதைப் பிரிவையாவது முழுவதும் படித்துவிடு. இரண்டு மூன்று இரவுகளில் முடிந்துவிடும். உன் வரிசையை எனக்கும் அனுப்பு. நானும் அந்தக் கதைகளைத் தேடிப் படித்து என் வரிசையை எழுதுகிறேன், ஒத்துப்போகாத இடங்களில் வாதாடலாம்.

2028-ஆம் ஆண்டுக்கான ஊரையும் இந்த மாநாட்டில்தான் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியிடும் ஊர்க்காரர்கள் மாலையில் விருந்து வைத்து ஆள் சேர்ப்பார்கள். அந்த அறைகளுக்குத் தயங்காமல் போ, புதியவர்களைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். தன்னார்வலர் மேசையில் உனக்கு என்ன வேலை கிடைத்தது என்பதை முதல் நாள் இரவே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா