செயலாளரின் ஆண்டறிக்கை: பின்வரிசையிலிருந்து ஒரு நடத்துநர்

அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவு, கருவிப் பராமரிப்பு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது, அதைத் திரும்பச் சொல்லவில்லை. இந்த வருடம் நம் ஆர்க்கெஸ்ட்ராவில் நடந்த பெரிய விஷயம், தாளவாத்தியப் பிரிவில் நின்றிருந்த நம் இளைஞர் உதவி இசை நடத்துநராக முன்னால் வந்ததுதான்.

டிம்பனி என்ற பெரிய முரசை வாசிக்கிறவருக்கு வயலின் வில்லைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் லிவர்பூலில் பிறந்த பிரபல இசை நடத்துநர் சைமன் ராட்டிலும் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவில் தாளவாத்தியம் வாசித்து வந்தவர்தான். 1974இல் 19 வயதில் நடத்துநர் போட்டி ஒன்றில் ஜெயித்தார், 1980இல் பர்மிங்காம் நகர சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் பொறுப்பை ஏற்றார், 1998 வரை அங்கேயே இருந்து அந்தக் குழுவோடு சேர்ந்து வளர்ந்தார். பெர்லின் பில்ஹார்மோனிக் போன்ற புகழ்பெற்ற ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் 2002இல்தான். அந்தப் பொறுமைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பின்வரிசையில் நிற்பவருக்கு மொத்தக் குழுவும் கண்ணெதிரே இருக்கும், வாசிக்கும் நேரத்தைவிட எண்ணிக்கொண்டு காத்திருக்கும் நேரம் அதிகம். இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில் உலோகத் தாளமான சிம்பலுக்கு மொத்தமே ஒரு தட்டுதான், நான்காம் பகுதியில், அதுவும் அடக்கமாக. ஒத்திகையில் அந்த இடம் வருவதற்குச் சில பார்கள் (தாளச் சுற்றுகள்) முன்பே இவர் இடது கையைத் தாழ்வாகத் திறந்து சிம்பல்காரரைப் பார்த்துவிட்டார். காத்திருப்பவரின் பதற்றம் தெரிந்தவர் செய்கிற காரியம் அது. பீத்தோவனின் வயலின் கன்செர்ட்டோ டிம்பனியின் தனித் தட்டுகளோடுதானே தொடங்குகிறது, அங்கேயும் டெம்போவைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார், டிம்பனிக்காரரை நம்பி.

குறையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவர் கையிலிருக்கும் கோல் ஒவ்வொரு அடிக்கும் டிரம்மில் பட்டதுபோல் சட்டென்று நின்றுவிடும், மெதுவான பகுதிகளில் செல்லோக்களின் நீண்ட வரி துண்டு துண்டாகிவிடும். காற்றுக்கருவிகளான ஓபோவுக்கும் கிளாரினெட்டுக்கும் மூச்செடுக்க இடமில்லாமல் உள்ளே வரச்சொல்லிக் கைகாட்டுவார். அப்புறம் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் உள்ள புத்தகத்தை, தூக்கிக்கொண்டு இரண்டாம் வயலின்களின் கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், எங்கே வில் மேலே போகிறது, எங்கே கீழே வருகிறது என்று கேட்டுக் கேட்டுப் பென்சிலால் குறித்தார், தான் கைகாட்டப்போகும் இடத்தை முதலில் பாடிப் பார்த்தார். வருடக் கடைசியில் அதே செல்லோ வரி உடையாமல் நீண்டு வந்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பியானோ கற்பவர் தன் வீட்டில் மணிக்கணக்காகப் பழகலாம். நடத்துநருக்கு வாத்தியமே நாம்தான், நாம் உட்கார்ந்தால்தான் அவருக்குப் பயிற்சி. கண்ணாடி முன் கை வீசிப் பழகுவது ஓரளவுக்குத்தான் உதவும், ஏனென்றால் கண்ணாடி தாமதமாக உள்ளே வராது, சுருதி இறங்காது. இளம் நடத்துநர்களில் பலருக்கும் தடையாக நிற்பது திறமைக் குறைவு இல்லை, முன்னால் ஒரு குழு உட்கார்ந்திருக்கும் நேரம் கிடைக்காததுதான்.

அதனால் வரும் ஆண்டில் மாதம் ஒரு முழு ஒத்திகையை அவர் கையில் கொடுக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். கச்சேரியில் வராத பாடமாக இருந்தாலும் சரி, எல்லாப் பிரிவுகளும் வர வேண்டும், குறிப்பாகக் காற்றுக்கருவிகள். அவர் முன்னால் நிற்கும் நாட்களில் டிம்பனிக்கு ஆள் தேவை. வாசிக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.